காணாமல்போன இன்டரப்ட்: கிராஃபிக்ஸ் டிரைவரில் தேடிப் பிடித்துச் சரிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

திரை அப்படியே நின்றுவிடுகிறது. பின்னணியில் பாட்டு மட்டும் தடையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. மவுஸைத் தொட்டவுடன், எதுவுமே நடக்காதது போலத் திரை மீண்டும் நகரத் தொடங்குகிறது.

இதை முதன்முதலில் பார்ப்பவர் மவுஸ் டிரைவரைத்தான் சந்தேகிப்பார். உண்மையில் ஜிபியு, அதாவது கிராஃபிக்ஸ் சிப், தன் வேலையை எப்போதோ முடித்துவிட்டது. முடித்துவிட்டேன் என்ற செய்தி மட்டும் காத்திருந்த நிரலைப் போய்ச் சேரவில்லை. மவுஸ் அசைந்தபோது வேறொரு இன்டரப்ட், அதாவது வன்பொருள் சிபியுவை அழைக்கும் சைகை, வந்தது. அதே இன்டரப்ட் கம்பியைப் பகிர்ந்துகொள்ளும் கிராஃபிக்ஸ் ஹேண்ட்லரும், அதாவது இன்டரப்ட் வந்ததும் ஓடும் நிரலும், கூடவே ஓடியது. கிடப்பில் கிடந்த செய்தி அப்போதுதான் கண்ணில் பட்டது.

லினக்ஸ் கர்னலில் கிராஃபிக்ஸ் டிரைவர் எழுதுபவர்களுக்கும், இருக்கும் டிரைவரைத் திருத்துபவர்களுக்கும் இந்த வழிகாட்டி. எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் இன்டெல் ஜிபியுக்களுக்கான ஐ915 டிரைவரிலிருந்தே எடுக்கிறேன். அதன் மூலநிரல் திறந்திருக்கிறது. பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இந்த ஒரே நோயோடு பல வடிவங்களில் அது போராடிய தடங்களும் அதன் குறிப்புகளில் அப்படியே இருக்கின்றன.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "வன்பொருள் இன்டரப்டை இழந்துவிட்டது" என்ற முடிவுக்கு அவசரப்பட்டு வராதீர்கள். இன்டரப்ட் எழாமல் போகலாம். எழுந்தும் சிபியுவை வந்து சேராமல் போகலாம். வந்து சேர்ந்தும், அந்த நொடியில் நாம் பார்த்த இடத்தில் தரவு இன்னும் வராமல் இருக்கலாம். மூன்றுக்கும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றுதான், மருந்து வேறு வேறு. எது என்று தெரியாமல் ஒரு டைமரைப் போட்டு மூடுவதுதான் இந்தத் துறையில் அதிகம் நடக்கும் தவறு.

படி 1: ஜிபியு தொங்கிவிட்டதா, செய்திதான் வரவில்லையா?

இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் அடுத்த அடி எடுத்து வைக்கக்கூடாது. ஜிபியுவுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு வேலைத் தொகுதியின் முடிவிலும் இரண்டு கட்டளைகள் இருக்கும். முதலாவது, ஒரு வரிசை எண்ணை நினைவகத்தில் எழுது என்பது. இரண்டாவது, இன்டரப்டை எழுப்பு என்பது. காத்திருக்கும் நிரல் 5012 என்ற எண்ணை எதிர்பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திரை நின்றிருக்கும்போதே நினைவகத்தில் இருக்கும் எண்ணைப் படித்துப் பாருங்கள். 5012 அல்லது அதைத் தாண்டிய எண் இருந்தால், வேலை முடிந்துவிட்டது, செய்திதான் வரவில்லை. 5011-இலேயே நின்று, ஜிபியுவின் கட்டளைச் சுட்டியும் நகராமல் இருந்தால் அது உண்மையான தொங்கல். அதற்கு இந்த வழிகாட்டி உதவாது.

பழைய ஐ915 டிரைவரில் இந்தச் சோதனையை 1.5 விநாடிக்கு ஒருமுறை ஒரு டைமர் செய்தது. ஜிபியுவுக்கான கட்டளை வரிசையான ரிங் காலியாக இருந்து, எண்ணும் வந்துவிட்டிருந்து, யாரோ இன்னும் தூங்கிக்கொண்டிருந்தால், இன்டரப்ட் தவறியதோ என்ற கேள்விக்குறியோடு கர்னல் லாக்கில் ஒரு வரி விழும். ஏஎம்டி ஜிபியுக்களுக்கான ஏஎம்டிஜிபியு டிரைவரில் அதன் இணை, ஃபென்ஸின், அதாவது வேலை முடிந்ததைக் காட்டும் குறியின், மாற்று டைமர் காலாவதியானது என்று ரிங்கின் பெயரோடு வரும் வரி. அந்த டைமரின் அளவு அரை விநாடி. இந்த வரி லாக்கில் இருந்தால் பாதி நோயறிதல் முடிந்தது.

திரைப் பக்கத்திலும் இதே நோய் வரும். ஒவ்வொரு ஃபிரேமின் முடிவிலும் வரவேண்டிய விபிளாங்க் இன்டரப்ட் வராவிட்டால், எல்லா கிராஃபிக்ஸ் டிரைவர்களுக்கும் பொதுவான கர்னலின் டிஆர்எம் அடுக்கு 100 மில்லி விநாடி பார்த்துவிட்டு விபிளாங்க் காத்திருப்பு காலாவதியானது என்று எழுதும். பக்கம் மாற்றும் வேலை முடிந்ததாகத் தெரியாவிட்டால் 10 விநாடி காத்திருந்து புகார் செய்யும். திரை சரியாகப் பத்து விநாடிக்கு ஒருமுறை மட்டும் நகர்கிறது என்று யாராவது சொன்னால், இந்த இடத்தை முதலில் பாருங்கள்.

இங்கேயே ஒரு போலி நோயையும் விலக்கிவிடுங்கள். வந்த எண்ணும் எதிர்பார்க்கும் எண்ணும் சமமா என்று ஒப்பிடும் நிரலை நான் ஒன்றுக்கு மேற்பட்ட டிரைவர்களில் பார்த்திருக்கிறேன். இரண்டு வேலைகள் அடுத்தடுத்து முடிந்தால் இரண்டு இன்டரப்டும் ஒன்றாகிவிடும். ஹேண்ட்லர் பார்க்கும்போது எண் 5013-க்குப் போயிருக்கும். 5012-க்காகக் காத்திருந்தவர் தூங்கிக்கொண்டே இருப்பார். எண் தாண்டிவிட்டதா என்றுதான் கேட்கவேண்டும். எண் சுற்றிவந்து மீண்டும் 0-விலிருந்து தொடங்கும் என்பதால், இரண்டின் வித்தியாசத்தைக் குறியுள்ள எண்ணாக எடுத்து, அது 0 அல்லது அதற்கு மேலா என்று பார்ப்பதே முறை.

படி 2: எண்ணிப் பாருங்கள்

கர்னல் தன் நிலையைக் காட்டும் ப்ராக் அடைவில் இன்டரப்ட்ஸ் என்ற கோப்பு இருக்கிறது. ஒவ்வொரு இன்டரப்டும் எந்த சிபியுவுக்கு எத்தனை முறை வந்தது என்ற கணக்கு அதில் ஓடும். திரை நின்றிருக்கும் நேரத்தில், வேறொரு கணினியிலிருந்து நெட்வொர்க் வழியாக நுழைந்து, அந்தக் கோப்பை இரண்டு முறை படியுங்கள். கிராஃபிக்ஸ் வரியின் எண்ணிக்கை ஏறுகிறதா?

ஏறவே இல்லை என்றால், எழவில்லை அல்லது வந்து சேரவில்லை. ஏறுகிறது, ஆனாலும் காத்திருப்பவர் எழவில்லை என்றால், கோளாறு ஹேண்ட்லருக்குள் அல்லது அதற்குப் பிறகு. கர்னலின் தடம்பதிக்கும் கருவியான எஃப்ட்ரேஸில் ஹேண்ட்லர் நுழைவு, வெளியேற்றம், ஃபென்ஸ் காத்திருப்புத் தொடக்கம், ஃபென்ஸ் நிறைவு ஆகிய நான்கு நிகழ்வுகளையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். கடைசி இன்டரப்ட் காத்திருப்புத் தொடங்குவதற்கு முன்னால் வந்ததா, பின்னால் வந்ததா என்று மைக்ரோ விநாடிக் கணக்கில் தெரிந்துவிடும். லாக்கில் அச்சிடும் வரிகளை ஹேண்ட்லருக்குள் சேர்க்காதீர்கள். அவை ஏற்படுத்தும் தாமதமே இந்த வகைக் கோளாறை மறைத்துவிடும்.

படி 3: நான்கு ரெஜிஸ்டர்களை ஒன்றாகப் படியுங்கள்

இன்டெல் ஜிபியுவில் இன்டரப்ட் கடந்து வரும் பாதையில் நான்கு ரெஜிஸ்டர்கள், அதாவது சிப்புக்குள் இருக்கும் சிறு நினைவிடங்கள், உண்டு. ஐஎஸ்ஆர் என்பது இந்தக் கணத்தின் நிலை. ஐஎம்ஆர் முகமூடி, அதில் மறைக்கப்பட்ட நிகழ்வு அடுத்த கட்டத்துக்கே போகாது. ஐஐஆர் நிகழ்ந்ததை ஒட்டிவைத்துக்கொள்ளும் இடம்; நாம் 1 எழுதித் துடைக்கும்வரை பிட் அங்கேயே இருக்கும். ஐஈஆர் எந்தப் பிட்டுகள் சிபியுவை எழுப்பலாம் என்ற அனுமதி. மற்ற ஜிபியுக்களில் பெயர்கள் மாறும், இந்த நான்கு வேலைகளும் ஏதோ ஒரு வடிவில் இருக்கும்.

நின்றுபோன நிலையில் நான்கையும் படித்தால், நோய் எங்கே என்று அவையே சொல்லும். ஐஐஆரில் பிட் ஒட்டியிருக்கிறது, ஐஈஆரில் அனுமதியும் இருக்கிறது, ஆனாலும் சிபியுவுக்குச் செய்தி இல்லை என்றால், படி 4-க்குப் போங்கள். ஐஎம்ஆரில் அந்த நிகழ்வு மறைக்கப்பட்டிருந்தால் படி 6. எல்லாம் சுத்தமாக, ஐஐஆர் காலியாக இருந்தால், இன்டரப்ட் வந்து, யாரோ துடைத்துவிட்டும் போயிருக்கிறார்கள். அது படி 5.

ஓர் எச்சரிக்கை. ஜிபியு மின்சேமிப்பில் இருக்கும்போது படித்த மதிப்பை நம்பாதீர்கள். சாதனம் உறங்கிவிட்டால், அதை இணைக்கும் பிசிஐ பாதை வழியான படிப்பு எல்லாப் பிட்டுகளும் 1 என்று திரும்பும். அதை உண்மையென்று எடுத்துக்கொள்ளும் ஹேண்ட்லர் நிகழாத நிகழ்வுகளுக்கெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்.

படி 4: விளிம்பைக் கவனியுங்கள்

இங்கே நிதானமாக நிற்கவேண்டும்.

பழைய பிசிஐ இன்டரப்ட் நிலை வகை. அழைப்பு மணியின் பொத்தானை அழுத்தியபடியே வாசலில் நிற்கும் ஆளைப் போன்றது. நீங்கள் கதவைத் திறந்து காரியத்தை முடிக்கும்வரை மணி அடித்துக்கொண்டே இருக்கும். செய்தி வடிவில் வரும் புதிய வகையான எம்எஸ்ஐ அப்படி இல்லை. அது ஒரு முகவரிக்குச் செய்யும் ஒரே ஒரு நினைவக எழுத்து. ஒருமுறை மணி அடித்துவிட்டு, வந்தவர் பேசாமல் நிற்பார். நீங்கள் உள்ளே வேறு வேலையில் இருந்து அந்த ஒரு மணியைத் தவறவிட்டால், இரண்டாவது மணி கிடையாது.

இன்டெல் ஜிபியுவில் அந்த ஒரு மணி எப்போது அடிக்கிறது? ஐஐஆரையும் ஐஈஆரையும் சேர்த்துக் கணக்கிட்ட விளைவு 0-விலிருந்து 1-க்கு மாறும் விளிம்பில் மட்டும். ஹேண்ட்லர் ஒரு பிட்டைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு பிட் ஏறினால், விளைவு 0-வுக்கு இறங்கவே இல்லை. இறங்காததால் மீண்டும் ஏறுவதும் இல்லை. புதிய மணி இல்லை. ஐஐஆரில் பிட் இருக்கிறது, அனுமதி இருக்கிறது, இன்டரப்ட் மட்டும் என்றென்றைக்கும் வராது.

இதற்குப் பழைய தீர்வு, ஐஐஆர் காலியாகும்வரை ஹேண்ட்லருக்குள்ளேயே சுற்றுவது. ஒரே ஒரு ரெஜிஸ்டர் இருந்தவரை அது ஓரளவு தாங்கியது. இரண்டு மூன்று ரெஜிஸ்டர்களின் விளைவு ஒன்றாகச் சேர்ந்து சிபியுவுக்குப் போகும் சிப்பில் அது உடைந்துவிடும். முதல் ரெஜிஸ்டரைத் துடைத்து முடித்து இரண்டாவதற்கு வருகிறீர்கள். அதற்குள் முதலாவதில் மீண்டும் ஒரு பிட். இரண்டாவதைத் துடைத்து வெளியேறுகிறீர்கள். இரண்டும் ஒரே நேரத்தில் காலியாக இருந்த கணமே இல்லை. பளு அதிகமாகும்போது மட்டும் இது நடக்கும் என்பதால், மேசையில் சோதிக்கும்போது பிடிபடாது.

2016-இல் ஐ915 டிரைவரை எழுதுபவர்களில் ஒருவரான வில்லே சிர்யாலா, இன்டெலின் வேலிவியூ சிப்களுக்கான ஹேண்ட்லரை மாற்றியபோது, அந்த விளைவு எப்படிப் பிறக்கிறது என்பதைச் சோதனைகளிலிருந்து ஊகித்த ஒரு தருக்கச் சமன்பாடாகவே மூலநிரல் குறிப்பில் எழுதி வைத்தார். ஆவணம் சொல்லாததை அளந்து கண்டுபிடித்து, அளந்ததுதான் என்று நேர்மையாகப் பதிவும் செய்த குறிப்பு அது. இந்தத் துறைக்கு வருபவர்கள் ஒருமுறையாவது அதைப் படிக்கவேண்டும். அந்த முறையைப் பின்பற்றி உங்கள் ஹேண்ட்லரை இப்படி அமையுங்கள்.

முதலில் மாஸ்டர் அனுமதியை அணைத்து, ஐஈஆரில் 0 எழுதுங்கள். விளைவு வலுக்கட்டாயமாக 0-வுக்கு இறங்கிவிட்டது. அடுத்து எல்லா ஐஐஆர்களையும் படித்து, மதிப்புகளைத் தனியே வைத்துக்கொண்டு, படித்த பிட்டுகளை மட்டும் துடையுங்கள். பிறகு ஐஈஆரைப் பழைய மதிப்புக்கு மீட்டு, மாஸ்டரை ஏற்றுங்கள். இடையில் ஏதாவது பிட் ஏறியிருந்தால், இந்த மீட்பே புதிய விளிம்பை உண்டாக்கும். மணி மீண்டும் அடிக்கும். கடைசியாக, எடுத்து வைத்த மதிப்புகளைக் கொண்டு உண்மையான வேலையைச் செய்யுங்கள்.

துடைப்பது முன்பு, வேலை பின்பு. இதை மாற்றி, வேலையை முடித்துவிட்டுத் துடைத்தால், வேலையின் நடுவே வந்த இரண்டாவது நிகழ்வையும் சேர்த்துத் துடைத்துவிடுவீர்கள். ஒரு பிட்டால் எண்ண முடியாது. வந்தது என்று மட்டுமே அது சொல்லும். அடுக்கடுக்கான மூலங்கள் இருந்தால் கீழ் அடுக்கை முதலில் துடையுங்கள். திரைக்குப் படம் அனுப்பும் குழாயின் நிலை ரெஜிஸ்டர் கீழே, ஐஐஆர் மேலே என்றால், குழாயைத் துடைத்த பிறகே ஐஐஆர்.

தொடக்கத்திலும், உறக்கத்திலிருந்து எழும்போதும் ஐஐஆரை இரண்டு முறை துடையுங்கள். இன்டெல் சிப்பில் அது இரண்டு நிகழ்வுகளை வரிசையில் வைத்திருக்கக்கூடும். முதல் துடைப்புக்குப் பின் இரண்டாவது வெளியே வரும். ஒவ்வொரு எழுத்துக்கும் பிறகு அதே ரெஜிஸ்டரை ஒருமுறை படித்துவிடுங்கள். எழுதியது வழியில் இன்னும் பயணித்துக்கொண்டிருக்கலாம். படிப்பு அதைப் போய்ச் சேரச் செய்யும். அனுமதியைத் திறக்கும் முன் ஐஐஆர் உண்மையிலேயே 0-வா என்று பார்த்து, இல்லையென்றால் லாக்கில் எச்சரியுங்கள்.

படி 5: இன்டரப்ட் தரவை முந்திவிட்டதா?

என் மதிப்பீட்டில் அதிகம் தவறாகக் கண்டறியப்படுவது இதுதான். ஜிபியு எண்ணை எழுதிவிட்டுத்தான் இன்டரப்டை எழுப்புகிறது. கட்டளை வரிசை சரி. ஆனால் நினைவக எழுத்து ஒரு வழியாகவும் இன்டரப்ட் இன்னொரு வழியாகவும் பயணிக்கின்றன. இன்டரப்ட் முந்தி வந்தால், ஹேண்ட்லர் எண்ணைப் பார்க்கும், 5011 என்று இருக்கும், நமக்கு அல்ல என்று திரும்பிவிடும். சில நானோ விநாடி கழித்து 5012 வந்து சேரும். அதைப் பார்க்க அப்போது யாரும் இல்லை.

இன்டெலின் சாண்டி பிரிட்ஜ், ஐவி பிரிட்ஜ் சிப்களில் இது பெரும் தலைவலியானது. 2012-இல் டேனியல் வெட்டர் ஐ915-இல் சேர்த்த திருத்தம் இரண்டு காரியங்களைச் செய்தது. இன்டரப்டுக்காக யாராவது காத்திருக்கும்வரை ஜிபியுவை உறங்கவிடாமல் பிடித்துவைத்தது. எண்ணைப் படிப்பதற்கு முன் கட்டளைப் பொறியின் ஒரு ரெஜிஸ்டரைப் படித்தது. அந்தப் படிப்பின் மதிப்பால் பயன் எதுவும் இல்லை. படித்து முடிவதற்குள், முன்னால் புறப்பட்ட எழுத்து நினைவகத்தில் தெரிந்துவிடும் என்பதே நோக்கம். காரணம் முழுமையாக விளங்காமலே வேலை செய்த மருந்து என்று அவரே வெளிப்படையாகச் சொல்லியிருந்தார்.

பல ஆண்டுகள் கழித்து டைகர் லேக் சிப்பில் அதே நோய் வேறு உருவில் திரும்பியது. ஜிபியு தன் நிகழ்வுகளை ஒரு வளையத்தில் எழுதி, வளையத்தின் சுட்டியை நகர்த்தும். சுட்டி நகர்ந்தது சிபியுவுக்குத் தெரிகிறது, நிகழ்வின் உள்ளடக்கமோ பழையதாகவே இருக்கிறது. அங்கே கண்ட தீர்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. ஒவ்வொரு இடத்தையும் படித்து முடித்ததும், செல்லாத ஒரு மதிப்பை அதில் எழுதி வைத்துவிடுவது. அடுத்த முறை சுட்டி நகர்ந்தும் அந்தச் செல்லாத மதிப்பே தெரிந்தால், தரவு இன்னும் வரவில்லை என்பது உறுதி. சில மைக்ரோ விநாடி காத்திருக்கலாம். ஊகத்துக்கு இடமில்லாத சோதனை இது. உங்கள் டிரைவரில் எங்கெல்லாம் வளையமும் சுட்டியும் இருக்கிறதோ அங்கெல்லாம் இதைச் செய்து பார்க்கலாம்.

சந்தேகத்தை உறுதிசெய்ய, ஹேண்ட்லரில் எண் பழையதாக இருந்தால் சில மைக்ரோ விநாடி சுற்றி மீண்டும் படித்து, மாறியதா என்று ஓர் எண்ணியில் கணக்கிடுங்கள். எண்ணி ஏறினால், குற்றவாளி அகப்பட்டுவிட்டார்.

படி 6: தூங்கப் போகும் ஒழுங்கு

மின்சாரம் மிச்சப்படுத்த, யாரும் காத்திருக்காத நேரத்தில் ஐஎம்ஆரில் இன்டரப்டை மறைத்துவைப்பது வழக்கம். அப்போது காத்திருக்க வருபவர் செய்யவேண்டிய ஒழுங்கு ஒன்றே ஒன்றுதான்: முதலில் தூங்குபவர் பட்டியலில் தன்னைச் சேர்த்து நிலையை மாற்றிக்கொள்ளவேண்டும், பிறகு முகமூடியை விலக்கவேண்டும், அதன் பிறகு எண்ணை ஒருமுறை படிக்கவேண்டும், வரவில்லை என்றால் மட்டுமே தூங்கவேண்டும். எண்ணைப் பார்த்துவிட்டு முகமூடியை விலக்கினால், இடைப்பட்ட நேரத்தில் வந்த இன்டரப்ட் ஐஐஆரில் ஒட்டாமலே மறைந்துபோகும்.

ஐஎம்ஆரைப் படித்து, ஒரு பிட்டை மாற்றி, திரும்ப எழுதும் இடங்கள் அனைத்தும், ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டான ஒரே ஸ்பின்லாக்கின் கீழ் வரவேண்டும். இரண்டு சிபியுக்கள் ஒரே நேரத்தில் இதைச் செய்தால், ஒருவர் விலக்கிய முகமூடியை மற்றவர் தெரியாமல் மீண்டும் மாட்டிவிடுவார்.

படி 7: வழியில் தொலைந்ததா?

மேலே சொன்ன எதுவும் பொருந்தவில்லை என்றால்தான் கம்பியையும் மதர்போர்டையும் சந்தேகியுங்கள். கர்னலின் தொடக்க விருப்பத்தில் எம்எஸ்ஐயை அணைத்துப் பாருங்கள். கோளாறு மறைந்தால் அது விளிம்புப் பிரச்சினைக்கு வலுவான சாட்சி, ஆனால் தீர்வு அல்ல. சில ஜிபியுக்களில் ஒவ்வொரு எம்எஸ்ஐக்குப் பிறகும் மீண்டும் ஆயத்தம் செய்ய ஒரு ரெஜிஸ்டரில் எழுதவேண்டும். பழைய ரேடியான் சிப்களுக்கும் என்விடியா சிப்களுக்கும் அவற்றின் லினக்ஸ் டிரைவர்கள் இதைச் செய்கின்றன. அந்த எழுத்து விட்டுப்போனால் முதல் இன்டரப்ட் வரும், இரண்டாவது வராது.

எம்எஸ்ஐ ஒரு நினைவக எழுத்து என்பதால், சாதனத்துக்கு, தானே நினைவகத்தில் எழுதவிடும் பஸ் மாஸ்டர் அனுமதி இருக்கவேண்டும். உறக்கத்திலிருந்து எழுந்த பிறகு மட்டும் இன்டரப்ட் இல்லை என்றால், அந்தப் பிட்டையும் எம்எஸ்ஐ முகவரியையும் எல்எஸ்பிசிஐ கருவியால் பாருங்கள். பகிர்ந்த பழைய கம்பியில், 1,00,000 இன்டரப்டுகளில் 99,900-க்கு மேல் யாரும் உரிமை கோராவிட்டால், யாரும் கவனிக்கவில்லை என்று எழுதிவிட்டுக் கர்னல் அந்தக் கம்பியையே அணைத்துவிடும். அங்கே தவறு பக்கத்துச் சாதனத்துடையதாகவும் இருக்கலாம், தண்டனை எல்லோருக்கும். ஏஎம்டி ஜிபியுவில் இன்டரப்டுகள் நினைவகத்தில் உள்ள ஒரு வளையத்தில் விழும். அது நிரம்பி வழிந்தால் லாக்கில் சொல்லும், பழைய நிகழ்வுகள் போய்விடும்.

படி 8: பாதுகாப்பு வலை, பிறகு சோதனை

காரணத்தைத் திருத்திய பிறகு ஒரு காவல் டைமரையும் வையுங்கள். யாராவது தூங்கிக்கொண்டிருந்து, எண்ணும் வந்துவிட்டிருந்தால், அவரை எழுப்பிவிடட்டும். திரை உறைவதைவிட அரை விநாடித் தடுமாற்றம் பயனருக்கு எவ்வளவோ மேல். ஆனால் டைமர் ஒவ்வொரு முறை காப்பாற்றும்போதும் எந்த ரிங், எந்த எண் என்று லாக்கில் எழுதவேண்டும். அமைதியாகக் காப்பாற்றும் டைமர் அடுத்த சிப்பின் கோளாறையும் மறைத்துவிடும்.

சோதனைக்குப் பெரிய விளையாட்டுகள் வேண்டாம். எதுவும் செய்யாத வெற்று வேலைகளை ஆயிரக்கணக்கில் அனுப்பி, ஒவ்வொன்றுக்கும் காத்திருங்கள். வேலை எவ்வளவு சிறியதோ, இரண்டு நிகழ்வுகள் மோதக்கூடிய போட்டிச் சாளரம் அவ்வளவு அடிக்கடி திறக்கும். கிராஃபிக்ஸ் டிரைவர்களைச் சோதிக்கும் ஐஜிடி தொகுப்பில் இன்டெல் ஜிபியுவுக்கான ஜெம் சிங்க் இதற்காகவே இருக்கிறது. திரைப் பக்கத்துக்கு கேஎம்எஸ் ஃபிளிப்பும் கேஎம்எஸ் விபிளாங்கும். எல்லா ரிங்குகளையும் ஒரே நேரத்தில் ஓட்டுங்கள், கூடவே திரையையும் புதுப்பித்துக்கொண்டிருங்கள். பல மூலங்கள் மோதும்போதுதான் படி 4-இன் கோளாறு வெளிவரும். அதற்கு நேர்மாறாக, ஒரு வேலை அனுப்பி, ஜிபியு உறங்கும் அளவுக்கு இடைவெளி விட்டு, மீண்டும் ஒன்று அனுப்பும் சோதனையும் வேண்டும். ஒரு முழு இரவு ஓடவிடுங்கள், இடையிடையே கணினியை உறக்கத்துக்கு அனுப்பி எழுப்புங்கள். காலையில் காவல் டைமரின் எண்ணியைப் பாருங்கள். அது 0-வாக இருக்கவேண்டும். 1 என்று இருந்தாலும் படி 3-க்குத் திரும்புங்கள்.